சாட்சித்துணி

பதினோரு வருடமாகப் பூட்டிக் கிடந்த திரையரங்கின் வாசலில் மறுபடியும் 'அரங்கு நிறைந்தது' என்ற பலகை தொங்கியது. புதுப்படம் எதுவும் வரவில்லை. திரையை எலி தின்று பல காலம் ஆகிறது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது வெள்ளைத்துணியாரின் கருணை.

காலை ஆறு மணிக்கே வரிசை டிக்கெட் சன்னலில் தொடங்கி, சைக்கிள் நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு, மருந்துக்கடை வாசல்வரை போய்விடும். தம் கடைக்குத்தான் இத்தனை கூட்டமும் என்று மருந்துக்கடைக்காரர் முதல்நாள் புதுச்சட்டை மாட்டிக்கொண்டு நின்றார், பாவம். வரிசையில் நின்ற ஒவ்வொரு தோளிலும் ஒரு குழந்தை. ஒவ்வொரு குழந்தையின் மேலும் ஒரு கட்டி. கழுத்து மடிப்பில், தொடையிடுக்கில், பிட்டத்தில் என்று பட்டாணி அளவு முதல் எலுமிச்சை அளவு வரை சிவந்து, சீழ் கோத்து, தொட்டால் வீல் என்று அலறவைக்கும் கட்டி.

கருணைக்கு மூன்று வகுப்பு இருந்தது. தரை, முதல் வகுப்பு, பால்கனி. பால்கனிக் குழந்தைகளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கருணை மேலிருந்துதானே கீழே இறங்கவேண்டும்!

மேடையில் மொடமொடக்கும் வெள்ளை அங்கியில் வெள்ளைத்துணியார் நிற்பார். கையில் ஒரு கிண்ணம். அதில் தேநீர் நிறத்தில் வாசனை போட்ட ஒரு தண்ணீர். அதன் பெயர் உண்மைநீர். ஒரு பஞ்சை அதில் நனைத்துக் கட்டியின் மேல் தடவுவார். பிறகு வெள்ளைத்துணி ஒன்றை அதன்மேல் வைத்து அழுத்துவார். அதன் பெயர் சாட்சித்துணி. துணியை எடுத்து உயர்த்திக் காட்டினால், மைப்புட்டி கவிழ்ந்ததுபோல் கருநீலக் கறை!

"பொறாமை! பாருங்க, எவ்வளவு விஷம் இறங்குது!" என்பார். அரங்கமே "ஆ" என்னும். அதே பஞ்சு அதே கிண்ணத்தில் நனைந்து அடுத்த குழந்தையின் மேல் ஏறும். பஞ்சை மாற்றினால் கருணை சிந்திவிடும் போலிருக்கிறது.

வாரம் ஒருமுறை வரவேண்டும். வாரத்துக்கு வாரம் நீலம் வெளுக்கும். ஒன்பதாம் வாரம் துணி வெள்ளையாகவே இருந்தால் பொறாமை தீர்ந்தது என்று பொருள். ஒன்பது வாரத்தில் பல கட்டிகள் தாமாகவே உடைந்து ஆறிவிடும். அந்தப் பெருமை துணியாருக்கு. ஆறாத கட்டிகளும் உண்டு. அந்தக் குற்றம், நம்பிக்கை போதாத பெற்றோருக்கு. வேர்க்குருவோடு வந்த குழந்தைகள் சில, இரண்டாம் வாரம் கட்டியோடு வந்தன. "உள்ளே இருந்தது வெளியே வருது" என்றார் துணியார். ஆகா என்றார்கள்.

இந்த வரிசையில் ஒருநாள் பெரியவர் வந்து நின்றதைப் பார்த்துத்தான் கடைத்தெரு வாயைப் பிளந்தது.

பெரியவர் முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். "எடைக்கல் வர்றார்டா" என்று ஒரு குரல் கேட்டால் தெரு முழுக்கத் தராசுகள் தாமாகவே நிமிர்ந்துகொண்ட காலம் உண்டு. முதுகு வளையாதவர். கஞ்சி போட்ட சட்டை தவிர வேறு போடாதவர். அவர் உட்காரும்போது அவரைவிடச் சட்டைதான் அதிகம் முனகும். குடும்பப் பெயருக்குத் துரும்பளவு மாசு வந்தாலும் தூங்கமாட்டார். அந்தக் குடும்பத்தில் எட்டுமாதப் பேத்திக்குச் சீழ்க்கட்டி வந்ததுதான் சிக்கல்.

முதல் கட்டி வந்தபோது மருந்துக்கடைக்காரரிடமே கேட்டு ஒரு புட்டி வாங்கிவந்தார். ஏழு நாள் கொடுக்கச் சொல்லியிருந்தது. மூன்றாம் நாள் கட்டி அமுங்கியது. "சரியாப் போச்சே, எதுக்கு வீணாக்கணும்?" என்று மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தார். அடுத்த மாதம் இரண்டாம் கட்டி வந்தது. மிச்சம் இருந்த மருந்தைக் கொடுத்தார். கட்டி அசையவில்லை. மூன்றாவதும் நான்காவதும் அருகருகே வந்து உட்கார்ந்தபோது மருமகள் பிடிவாதமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மகன் கப்பலில் வேலை பார்க்கிறவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கரையேறுவான். ஆகவே பிடிவாதம் முழுவதும் அவள் தலையில்தான்.

குழந்தை டாக்டர் ஒல்லியான அம்மாள். பேச்சும் ஒல்லி.

"மருந்தை எத்தனை நாள் கொடுத்தீங்க?"

"மூணு நாள்" என்றார் பெரியவர்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"கட்டி அமுங்கிடுச்சே."

"கட்டி அமுங்கிச்சு. கிருமி அமுங்கல. பாதி மருந்தைக் குடிச்சுட்டுப் பிழைச்ச கிருமிதான் அடுத்த தடவை கெட்டிக்காரனா வருது. சில கிருமி வரும்போதே மருந்துக்குப் பழகித்தான் வருது. எதுன்னு பார்க்காம இன்னொரு புட்டி கொடுத்தா இருட்டுல கல்லெறியிற மாதிரி." கட்டியிலிருந்து கொஞ்சம் சீழை ஒரு குச்சியில் எடுத்துக் குழாயில் போட்டார். "இதை வளர்த்துப் பார்த்தா எந்த மருந்துக்கு மசியும்னு தெரியும். மூணு நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் இந்தப் புது மருந்து. கட்டியை யாரும் நசுக்கக்கூடாது, மூடி வைக்கணும். தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவணும். துண்டு தனி. காய்ச்சல் வந்தா, பால் குடிக்க மறுத்தா, அந்த நிமிஷமே தூக்கிட்டு வந்துடணும்."

நல்ல புத்திமதி. பெரியவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் போனபோது நூறு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் ஒரு சிப்பந்தி, சந்தையில் ஏலம் போடுகிற குரலில் கத்தினான்: "சீழ்க்கட்டி! சீழ்க்கட்டிக் குழந்தை யாரு? கையைத் தூக்குங்க!"

மூன்றாவது பெஞ்சில் பெரியவரின் பழைய அலுவலக மேலாளர் சர்க்கரை நோய்க்கு ஊசி போட வந்து உட்கார்ந்திருந்தார். பெரியவர் கையைத் தூக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார்.

"நம்ம பரம்பரையில சொறி சிரங்குன்னு ஒருத்தன் ஆஸ்பத்திரி வாசல் மிதிச்சதில்ல" என்றார் வீட்டுக்கு வந்து.

"அப்ப நம்ம பரம்பரையில யாருக்கும் தோல் இல்லையா மாமா?" என்று மருமகள் கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. எட்டு மாதமாகத் தூக்கமில்லாதவளுக்கு வாயைத் திறக்கவே தெம்பில்லை.

அதன்பிறகுதான் திரையரங்கு. அங்கே யாரும் சீழ் என்று கத்துவதில்லை. பொறாமை என்றுதான் கத்துகிறார்கள். ஒரு குடும்பத்தைப் பார்த்து நாலு பேர் பொறாமைப்படுவது கௌரவமல்லவா! பெரியவரின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

பால்கனி டோக்கன் கொடுக்கிற இடத்தில் ஓர் அக்கா இருந்தாள். தேன் ஒழுகும் பேச்சு. "உக்காருங்கப்பா. வெயில்ல வந்திருக்கீங்க. வீட்டுல யார் யாரு? தங்கச்சி இருக்காங்களா? என்ன பண்றாங்க? அடடா, பிள்ளை இல்லையா?" அரைமணி நேரம் விசாரித்தாள். பெரியவரும் ஒன்று விடாமல் சொன்னார். அரைமணி கழித்து மேடையில் துணியைத் தூக்கிப் பார்த்துக் கண்ணை மூடிய துணியார், "வீட்டுக்குள்ளேயே ஒரு கை தெரியுது. பிள்ளையில்லாத கை. ஊரார் துணியைத் தொடுற கை" என்றார்.

பெரியவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவருக்கு எப்படித் தெரிந்தது!

அந்தக் கைக்குச் சொந்தக்காரி அவருடைய தங்கை. புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டில் சோற்றுக்கு உட்கார மாட்டேன் என்று கடைத்தெருவில் சலவைக்கடை போட்டவள். தெருவுக்கே இஸ்திரியக்கா. நம் வீட்டுப் பெண் ஊரார் துணியைத் தேய்ப்பதா என்று அன்று நின்றுபோன பேச்சைப் பெரியவர் ஏழு வருடமாகத் தொடங்கவில்லை. ஆனால் அவர் கேட்கிற விறைப்புக்குக் கஞ்சி போட ஊரில் வேறு ஆள் இல்லாததால், சட்டைகள் மட்டும் மருமகள் கையில் போய் வந்துகொண்டிருந்தன. அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே சட்டை வழியாகத்தான் உறவு.

இப்போது அதுவும் நின்றது. "இனி அவ நிழல் குழந்தை மேல படக்கூடாது" என்று உத்தரவு. தொட்டிலுக்கு இஸ்திரியக்கா தைத்துக் கொடுத்திருந்த விரிப்பைத் தெருவில் எறிந்தார். தெரு பார்த்தது. மறுநாளே நாலு பேர் தங்கள் துணியைச் சலவைக்கடையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிள்ளையில்லாத கை பட்ட துணியல்லவா!

மூன்றாம் வாரம், துணியாரிடம் போகவேண்டிய நாள். காலையில் குழந்தையின் உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. பால் குடிக்கவில்லை. துவண்டு கிடந்தது.

"மாமா, டாக்டர் சொன்னாங்களே, காய்ச்சல் வந்தா உடனே வரணும்னு…"

"பால்கனி டோக்கன் கையில இருக்கு. இன்னிக்கு மூணாவது தடவை. பாதி விஷம் இறங்கிடும்னு சொல்லியிருக்கார்" என்று பெரியவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மருமகள் செருப்பைத் தேடிக்கொண்டே தொலைபேசியில் ஓர் எண்ணை அழுத்தினாள். "அத்தை, எப்படியாவது வாங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

பெரியவர் மேடையேறினார். துணியார் பஞ்சை நனைத்துக் கட்டியில் தடவியபோது, "அண்ணே" என்று ஒரு குரல் கேட்டது. ஏழு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல். இஸ்திரியக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறி வந்தாள். பின்னால் மருமகள்.

"இவதான்!" என்றார் பெரியவர், துணியாரிடம். "இவளே வந்துட்டா!"

"வந்தா வந்துட்டுப் போறேன். ஒரே ஒரு கேள்விண்ணே. கடையில எடை சோதிக்கப் போனா யாரு கல்லை வச்சு நிறுப்ப?"

"என் பெட்டியில இருக்கிற கல்லை."

"ஏன், கடைக்காரன் கல்லுக்கு என்ன?"

"அறிவிருக்கா உனக்கு? கடைக்காரன் தராசுல கடைக்காரன் கல்லையே வச்சா அது எப்பவும் சரியாத்தான் காட்டும். முதல்நாள் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம்."

"இங்க கிண்ணமும் அவருது, துணியும் அவருது."

பெரியவர் கிண்ணத்தைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் ஒருவன் செய்த வேலை உடம்பைவிட்டு அவ்வளவு சுலபத்தில் போய்விடுமா? முதுகுக்குள் எங்கோ ஓர் ஆய்வாளர் எழுந்து உட்கார்ந்தார்.

இஸ்திரியக்கா ஒரு கைக்குட்டையை நீட்டினாள். "இது நம்ம துணி. சும்மா தண்ணியில அலசிக் காயவச்சது. ரெண்டே நிமிஷம். இதுல நீலம் வந்தா நான் ஊரைவிட்டே போயிடறேன். வரலேன்னா குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டி வெளியில நிக்குது."

"அது சாட்சி சொல்லத் தெரியாத துணிம்மா" என்றார் துணியார் அவசரமாக.

"துணிதானே? எல்லாத் துணியும் நூல்தானே?" இப்போது கேட்டது பெரியவர். அந்தக் குரலைக் கேட்டதும் முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்த இரண்டு மளிகைக்கடைக்காரர்கள் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்கள். அவர் கைக்குட்டையை எடுத்துத் துணியார் தடவிய இடத்தில் அழுத்தினார். எடுத்தார். விளக்கில் காட்டினார்.

தேநீர் சிந்தினாற்போல் லேசான பழுப்பு. அவ்வளவுதான்.

மருமகள் அதற்குமேல் ஒரு நொடி நிற்கவில்லை. "மாமா, நீங்க சோதிச்சுட்டு மெதுவா வாங்க. நான் போறேன்" என்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். வண்டி கிளம்புகிற சத்தம் மேடைவரை கேட்டது.

"இவ கை பட்டதால உண்மை மறைஞ்சுபோச்சு!" என்று கத்தினார் துணியார். அரங்கம் முணுமுணுத்தது. இருக்கும், இருக்கும் என்று தலைகள் ஆடின.

"அண்ணே, ஆஸ்பத்திரி நர்சம்மாங்க சட்டையெல்லாம் என்கிட்டதான் வருது" என்றாள் இஸ்திரியக்கா. "புண்ணுக்குப் போடுற டிஞ்சர் இருக்கே, அது சாதாரணத் துணியில பட்டா பழுப்பு. கஞ்சி போட்ட துணியில பட்டா கருநீலம். இதுக்குன்னே தனித்தொட்டி வச்சிருக்கேன். எனக்குத் தெரியாத கறையா?"

பெரியவர் தம் சட்டையைப் பார்த்தார். கடைசியாகத் தங்கை போட்ட கஞ்சி. இத்தனை நாள் பத்திரப்படுத்தி அன்றுதான் எடுத்து மாட்டியிருந்தார். வலது கைப்பட்டையை அப்படியே கிண்ணத்துக்குள் முக்கினார்.

கண்ணெதிரே நீலம் பூத்தது. மணிக்கட்டில் தொடங்கி முழங்கைவரை ஏறியது.

"பார்த்தீங்களா, அவர் உடம்பெல்லாம் பொறாமை!" என்றார் துணியார்.

"அப்படியா?" என்றார் பெரியவர். கிண்ணத்தைத் தூக்கித் துணியாரின் மொடமொடத்த அங்கியின்மேல் மிச்சத்தைக் கவிழ்த்தார்.

மார்பிலிருந்து தொப்புள்வரை கருநீல ஆறு ஓடியது. தரை வகுப்பிலிருந்து ஓர் அம்மாள் உரக்கக் கேட்டாள்:

"ஐயா, உங்க மேல யாருக்குங்க இவ்வளவு பொறாமை? டோக்கன் அக்காவுக்கா?"

சிரிப்பு பால்கனியில் கிளம்பித் தரைக்கு இறங்கியது. துணியார் மேடைக்குப் பின்னால் இறங்கினார். படம் ஓட்டுகிற அறையின் இரும்புப் படியில் யாரோ தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. பெரியவர் விடவில்லை. மேடைக்குப் பின்னால் போய், ஒரு பெட்டி டிஞ்சர் புட்டியையும் மூன்று அண்டாக் கஞ்சியையும் இழுத்துவந்து மேடையில் வைத்தார். இஸ்திரியக்கா ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது கெட்டிக் கஞ்சி, முதல் வாரத்துக்கு. இது இளங்கஞ்சி, நாலாம் வாரத்துக்கு. இதுல பேருக்குத்தான் கஞ்சி. இதுவும் போச்சுன்னா ஒன்பதாம் வாரம், குணமாயிடுச்சு!" என்றாள். பிறகு கிண்ணத்தின் ஓரத்தில் கிடந்த பஞ்சைக் கையால் தொடாமல் ஒரு குச்சியால் தூக்கிக் காட்டினாள். "காலையிலேருந்து நாப்பது குழந்தைக் கட்டியைத் தடவின ஒரே பஞ்சு. உங்க குழந்தைக்குப் புதுசா கட்டி எங்கேருந்து வந்துதுன்னு இதைக் கேளுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், சீழை வளர்த்துப் பார்த்த அறிக்கை இருபத்தைந்து நாளாக மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாகக் கொடுக்கிற மருந்துகளுக்கெல்லாம் தலையாட்டாத கிருமி. மசிகிற மருந்து எது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. டாக்டர் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றினார். அந்த மருந்தை ஊசியில் ஏற்றினார். இரண்டு நாள் குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் பெரியவர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதுகு வளைந்திருந்ததை அன்றுதான் தங்கை பார்த்தாள். மூன்றாம் நாள் குழந்தை பால் குடித்தது. பெரியவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நிறைய நேரம் கழுவினார்.

"திரும்பத் திரும்ப வருதுன்னா வீட்டுல யார்கிட்டயோ இருக்கணும்" என்றார் டாக்டர். "இருக்கிறவருக்கு ஒரு தொல்லையும் இருக்காது. மூக்குல சும்மா குடியிருக்கும். எல்லாரும் மூக்கைக் காட்டுங்க."

மருமகளின் மூக்கில் குச்சி போய்வந்தது. இஸ்திரியக்காவும் வலியப் போய்க் காட்டினாள். "என் மூக்கிலயா?" என்று பெரியவர் நிமிர்ந்தார். குச்சி அதற்கெல்லாம் மரியாதை பார்க்காது.

முடிவு வந்தது. இரண்டு மூக்கு சுத்தம். மூன்றாவது மூக்கில்தான் அது சகல சௌகரியங்களோடும் இருந்தது. விடிந்ததும் பேத்தியின் கழுத்தில் புதைத்துக் கொஞ்சுகிற மூக்கு.

பெரியவர் தங்கை பக்கம் திரும்பினார். "என் மூக்குலதான்… இருந்துதாம்" என்றார்.

"மூக்கு மேல கோபம் இருக்கிறதுதான் எனக்குத் தெரியும்ணே. உள்ளே இதுவும் இருக்கா?" என்றாள் அவள். மருமகள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். பெரியவரும் முயன்று பார்த்தார். பழக்கமில்லாததால் இருமல்தான் வந்தது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஊர் விடவில்லை.

குழந்தை வீடு திரும்பிய மறுநாள் காலை, பெரியவர் மூக்குக்குக் களிம்பு போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால், வாசலில் வரிசை! நூறு பேர், நூறு குழந்தை. முன்னால் நின்றவர் கும்பிட்டார்.

"ஐயா, அவன் போலி. இப்பதான் தெரிஞ்சுது. நீங்கதான் நிஜம். உங்க கையைத் தண்ணியில வச்சதும் நீலமா மாறிச்சே, கண்ணால பார்த்தோமே! எங்க பிள்ளையையும் ஒரு தடவை தொட்டுடுங்க."

"அது கஞ்சிய்யா! கஞ்சி!"

"கஞ்சின்னு சொல்லிட்டாரு!" பின்வரிசைக்குச் செய்தி போயிற்று. "வீட்டுக்குப் போய்க் கஞ்சி தடவணுமாம்!"

"முட்டாள்களா! கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

"எத்தனை தடவை கழுவணும்னு கேளு. ஒன்பதா?"

பெரியவர் தூணைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் எந்தப் பெயரைக் காப்பதற்காக வாயைப் பூட்டி வைத்திருந்தாரோ, அந்தப் பெயரைத் தூக்கித் தெருவில் போட்டால்தான் இந்தக் கூட்டம் கலையும் என்று புரிந்தது. உள்ளே பேத்தி சிணுங்குகிற சத்தம் கேட்டது. அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். ஆய்வுக்குப் போனபோது கடைத்தெருவின் இரண்டு முனைக்கும் கேட்ட அதே குரலில் சொன்னார்:

"கேட்டுக்குங்க எல்லாரும்! என் பேத்திக்குச் சீழ்க்கட்டி வந்தது! கிருமி இருந்தது என் மூக்குல! இன்னும் இருக்கு! குணமாக அஞ்சு நாளாகும்! தைரியம் இருக்கிறவங்க முன்னால வாங்க, தொடறேன்!"

முன்னால் நின்றவர் பின்னால் போனார். "சீ, இந்த வீடா?" என்று ஒருத்தி குழந்தையின் முகத்தைத் துணியால் மூடினாள். இரண்டு நிமிடத்தில் தெரு காலி. அந்தக் குடும்பத்தின் கௌரவமும் அவர்களோடு சேர்ந்து தெருமுனை திரும்பிப் போய்விட்டது. பெரியவர் அதைத் திரும்பக் கூப்பிடவில்லை.

ஒரே ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். இடுப்பில் குழந்தை. "எந்த டாக்டருங்க? எத்தனை நாள் மருந்து கொடுக்கணும்? பாதியில நிறுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

நூறு பேரில் ஒருத்தி. மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் கழுத்துக்கு மேலே தலை இருக்கத்தான் செய்தது. நாள்தோறும் எண்ணெய் வைத்து வாரிக்கொள்கிறார்கள். அதற்கு வேறு ஒரு வேலையும் உண்டு என்பதை, குழந்தையை இன்னொரு வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு முன்னால் ஒருமுறை நினைத்துப் பார்த்தால் தேவலை.